ஊட்டி உருவானபோது மலையில் உடைந்தது என்ன? நீலகிரிப் பூர்வகுடிகளும் காலனி ஆட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்குப் போய் வந்தவர்களிடம் பேசினால், தாவரவியல் பூங்கா, ஏரி, பொம்மை ரயில் என்று வரிசையாகச் சொல்வார்கள். கூடவே, "அங்கே தோடர்னு ஒரு பழங்குடி இருக்காங்களாமே" என்பார்கள். அந்த 'கூடவே' எனக்கு எப்போதும் உறுத்தும். அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தின் மேல்தான் அந்த ஊர் எழுந்தது. இதைப் பற்றி நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் நீலகிரி ஆளில்லாத காடாகத்தானே இருந்தது?

இல்லை. 1117-ஐச் சேர்ந்த ஒரு ஒய்சளக் கல்வெட்டு, மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதாகச் சொல்கிறது. 1603-ல் மலபார்ப் பக்கமிருந்து மலையேறிய ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் தோடர்களையும் படுகர்களையும் நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1819-ல் வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவனை வைத்து 'சல்லிவன் கண்டுபிடித்த மலை' என்று இன்றும் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. ஆனால் கோவைச் சமவெளிக்கும் வயநாட்டுக்கும் மைசூருக்கும் மலைக்காரர்கள் இறங்கி ஏறிய பாதைகள் அதற்கு முன்பே இருந்தன.

அங்கே யார் யார் இருந்தார்கள்?

மேல்மலைப் புல்வெளியில் எருமை மேய்த்தவர்கள் தோடர்கள். அவர்கள் குடியிருப்புக்குப் பெயர் மந்து. உதகமந்து என்று நம் பெரியவர்கள் சொன்ன பெயரில் இருப்பது அந்த மந்துதான். இரும்பு அடித்து, மரம் செதுக்கி, பானை வனைந்து, இசையும் வாசித்தவர்கள் கோத்தர்கள். அவர்களுக்கு ஏழு ஊர்கள், ஒவ்வொன்றும் கோக்கால். சாமை, ராகி விதைத்து ஹட்டி என்ற ஊர்களில் வாழ்ந்தவர்கள் படுகர்கள். மைசூர்ப் பக்கமிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. படுகர்களில் ஒரு சாரார் இதை ஏற்பதில்லை. சரிவுக் காடுகளில் குறும்பர்களும், அடிவாரத்தை ஒட்டி இருளர்களும் இருந்தார்கள். கூடலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர். அந்தப் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு மாதிரி, கீழே வருகிறேன்.

இவர்களுக்குள் என்ன தொடர்பு இருந்தது?

மேல்மலையில் எந்தச் சமூகமும் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துகொள்ளவில்லை. தோடர் கலப்பை பிடிக்க மாட்டார், இறைச்சி சாப்பிட மாட்டார். அவர் கொடுப்பது நெய்யும் பாலும். கத்தி, கோடரி, பானை எல்லாம் கோத்தரிடமிருந்து வரும். படுகர் ஹட்டியிலிருந்து அறுவடையில் ஒரு பங்கு தோடருக்கும் கோத்தருக்கும் குறும்பருக்கும் போகும். தோடருக்குப் போகும் தானியப் பங்குக்குக் 'கூடு' என்று பெயர். குறும்பரிடமிருந்து தேனும் மூங்கிலும் மூலிகையும் வரும். படுகர் விதைப்பைத் தொடங்கக் குறும்பர் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது.

இதில் காசு இல்லை, அளந்து தீர்க்கும் கணக்கும் இல்லை. இன்ன ஹட்டியின் இன்ன குடும்பத்துக்கு இன்ன கோத்தர் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாக உறவு இருந்தது. உன் கலப்பைக் கொழு உடைந்தால் அந்தக் கோத்தர் அடித்துத் தர வேண்டும். அவர் வீட்டில் தானியம் குறைந்தால் நீ கவனிக்க வேண்டும். தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வந்து 'கொள்' என்ற ஊதுகுழலும் பறையும் வாசிப்பார். பலியிட்ட எருமை அவருக்குப் போகும். தோடர் உண்ணாததை உண்ணும் ஒருவர் அந்தச் சடங்குக்குள்ளேயே இருந்தார்!

பின்னால் வரும் எல்லாப் பதிலுக்கும் அடிப்படை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே நிலத்தின் மேல் பல பேருக்குப் பல விதமான பாத்தியதை இருந்தது. புல் தோடருடையது. அதே மலையில் விளைந்த தானியம் படுகருடையது. அதில் ஒரு பங்கு தோடருடையது. அந்த வயலின் முதல் விதைப்புக்குக் குறும்பரின் முகம் வேண்டும். "இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டால் ஒற்றைப் பெயரில் பதில் சொல்ல முடியாத வாழ்க்கை அது. அந்தக் கேள்வியைத்தான் கிழக்கிந்தியக் கும்பெனி கேட்டது.

அப்படியானால் அது சமத்துவமான பொற்காலம் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். தோடர்கள் தங்களை மேலே வைத்துக்கொண்டார்கள். செத்த மாட்டை உண்கிறார்கள் என்பதற்காகக் கோத்தர்கள் தாழ்வாக நடத்தப்பட்டார்கள். அவர்கள் தொட்டது, நின்ற இடம் எல்லாவற்றிலும் தீட்டுப் பார்த்தார்கள். குறும்பர் மந்திரம் வைக்கிறார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஊரில் மாடும் பிள்ளைகளும் அடுத்தடுத்துச் செத்தால் பழி குறும்பர் மேல் விழும். 19-ஆம் நூற்றாண்டில்கூடக் குறும்பர் குடும்பங்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தோடர்களிடம் பெண் சிசுக்கொலை இருந்தது.

காலனி ஆட்சி அழித்ததைப் பேசும்போது இவற்றை மறைத்துப் பேசினால் நாம் பேசுவதற்கு மதிப்பிருக்காது. ஆனால் யாரும் முற்றிலும் கைவிடப்படாத ஒரு ஏற்பாடு அது என்பதும் உண்மை. பசி வந்தால் போய் நிற்க எல்லோருக்கும் உரிமையுள்ள ஒரு வாசல் இருந்தது.

கும்பெனி எப்படி மலைக்கு வந்தது?

1799-ல் திப்பு வீழ்ந்ததும் இந்தப் பகுதி கும்பெனியின் கைக்குப் போனது. 1812-ல் கீஸ், மக்மேகன் என்ற இரண்டு நில அளவையாளர்கள் ஏறிப் பார்த்தார்கள். 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். குளிர்ந்த காற்று, இங்கிலாந்தை நினைவூட்டும் புல்மேடுகள்: ஆள் மயங்கிப்போனார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை போடப்பட்டது. வெட்டியவர்களில் கைதிகளும் உண்டு. 1820-களின் தொடக்கத்தில் ஊட்டியில் கல் வீடு கட்டினார், பிறகு ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி. அப்புறம் நோயாளி சிப்பாய்களுக்கு ஓய்விடம், வெலிங்டனில் படைமுகாம், 1870-லிருந்து சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகர். 1899-ல் குன்னூர் வரை ரயில், 1908-ல் ஊட்டி வரை. ஒரு போர்கூட நடக்கவில்லை.

போரே நடக்காமல் நிலம் எப்படிக் கை மாறியது?

சல்லிவன் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. வாங்கினார் என்பதை மட்டும் கவனியுங்கள். விற்றவர் யார்? மேய்ச்சல் நிலம் ஒரு மந்தின், ஒரு குலத்தின் பொது உடைமை. கோயில் எருமைகளுக்கான புல்வெளியை ஒருவர் கைமாற்றித் தரும் வழக்கமே அங்கே கிடையாது. காசு கொடுத்தவர் நிரந்தர விற்பனை என்று நினைத்தார். வாங்கிக்கொண்டவர் இருந்துவிட்டுப் போகக் கொடுத்த கூலி என்று நினைத்திருக்க எல்லா நியாயமும் உண்டு. தோடர் மொழியில் எழுத்து கிடையாது. அதனால் அவர்கள் தரப்பு எந்தப் பத்திரத்திலும் இல்லை.

அடுத்து வந்தது சட்டத் தகராறு. மலை முழுவதற்கும் தோடர்களே உடைமையாளர்கள், குடியேறுகிறவர்கள் அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று சல்லிவன் வாதாடினார். அன்றைய சென்னை ஆளுநர் லஷிங்டன் தரப்பு அதை ஏற்கவில்லை: மேய்ப்பதால் மட்டும் சொந்தமாகிவிடாது, நிலம் அரசுக்குரியது என்றது. கடைசியில் 1843-ல் லண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்கள் முடிவு சொன்னார்கள். சிறு வரி கட்டிக்கொண்டு மேய்த்துக்கொள்ளும் வழக்குரிமை தோடருக்கு உண்டு, உடைமை உரிமை இல்லை. புல்லைத் தின்னும் எருமையைப் பார்த்திராத ஒரு அறையில் இது முடிவானது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒவ்வொரு மந்துக் குடியிருப்பைச் சுற்றியும் சுமார் 45 ஏக்கர் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பாதுகாப்பு என்று பெயர். பருவத்துக்குப் பருவம் ஒரு மந்திலிருந்து இன்னொரு மந்துக்கு எருமைகளோடு நகர்ந்து, மலையையே வீடாகக் கொண்டிருந்தவர்களுக்கு எல்லைக்கல் நட்டுக் கொடுத்த 45 ஏக்கர் அது.

படுகருக்கும் இதே போன்ற அடி விழுந்தது. அவர்கள் ஒரு பரப்பில் சில பகுதியை உழுது, மீதியைத் தரிசாக விட்டு, சில ஆண்டுகளில் மாற்றி உழுவார்கள். உழுததற்கு மட்டுமே வரி. கும்பெனிப் பதிவுகளில் இதற்குப் 'புர்த்தி' என்று பெயர். 1860-களில் இதை ஒழித்துவிட்டு, இன்னார் பெயரில் இன்ன வயல் என்று பட்டா போட்டார்கள். தரிசாகக் கிடந்தது அரசுக்கும் தோட்டக்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

சல்லிவன் நல்லவரா, கெட்டவரா?

இந்தக் கேள்வி 2022-ல் ஊட்டியின் 200-ஆம் ஆண்டு கொண்டாட்டத்தின்போது நிறைய வந்தது. தன் காலத்து அதிகாரிகள் பலரைவிட அவர் மலைமக்களை மதித்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் தோடர்களை 'உடைமையாளர்' ஆக்கிய அவருடைய வாதம்கூட அவர்களை விற்பனையாளர் ஆக்கும் வாதம்தான். எதிர்த்தரப்பு அதையும் பறித்தது. இரண்டு தரப்புமே மலைக்காரர்களின் கணக்கில் யோசிக்கவில்லை. ஒருவர் குணத்தை வைத்து இந்த வரலாற்றை அளந்தால், அவர் கையொப்பமிட்ட காகிதம் என்ன செய்தது என்பது கண்ணில் படாமல் போய்விடும்.

புல்வெளிக்கு என்ன ஆனது?

நீலகிரியின் இயல்பான முகம், பள்ளத்தாக்கில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியும். வெள்ளைக்காரர் கண்ணுக்குப் புல்வெளி என்றால் சும்மா கிடக்கும் நிலம். 1843-வாக்கில் யூகலிப்டஸ் வந்தது. சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில் மரமும் அதே காலத்தில் வந்துவிட்டது. விறகுக்காகச் சோலையை வெட்டினார்கள், வெட்டிய இடத்திலும் புல்வெளியிலும் இவற்றை நட்டார்கள். 1860-ல் மலேரியாவுக்கான கொய்னா தயாரிக்க சின்கோனா வந்தது; தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். தேயிலை பிறகு எல்லாவற்றையும் மூடியது.

இதைச் சுற்றுச்சூழல் என்று தனியாகப் பிரித்துப் பேசுவார்கள். தோடருக்கு அது கோயில் சமாச்சாரம். அவர்களுடைய பால்மனைதான் கோயில். அங்கே கறக்கும் பாலும் கடையும் மோரும்தான் வழிபாடு. பீப்பாயை நெடுக்காக வெட்டிக் கவிழ்த்தது போன்ற அந்தக் கூரையை வேயச் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும். யூகலிப்டஸ் சதுப்பின் நீரை உறிஞ்சினால் அந்தப் புல் போகும், புல் போனால் கோயிலை வேய முடியாது. மேய்ச்சல் சுருங்கினால் எருமை குறையும், எருமை குறைந்தால் கறக்கும் பூசாரிக்கு வேலை இருக்காது. உச்சநிலையில் இருந்த புனித மந்தைகளும் அவற்றுக்கான பூசாரிகளும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இல்லாமல் போனது இப்படித்தான்.

நான்கு சமூகங்களின் கொடுக்கல் வாங்கல் எப்போது நின்றது? யார் நிறுத்தினார்கள்?

யாரும் ஒரு நாளில் நிறுத்தவில்லை. சந்தை நிறுத்தியது எனலாம்.

ஊட்டியிலும் குன்னூரிலும் கடைகள் வந்தன. சமவெளியிலிருந்து இரும்புக் கருவியும் பித்தளைப் பாத்திரமும் காசுக்குக் கிடைத்தன. படுகர் சாலை வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போய்க் காசு பார்த்தார்கள். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் போட்டார்கள். சாமையில் ஒரு படி கோத்தருக்கு என்று அளந்துபோட முடியும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றிய கிழங்கில் குறும்பருக்குப் பங்கு எப்படி அளப்பது? பணப்பயிருக்குள் அந்த உறவு உட்காரவே முடியவில்லை.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: தலைக்கணக்கு. படுகர்கள் சில ஆயிரங்களிலிருந்து பெருகிக்கொண்டே போனார்கள். கோத்தர்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். ஒரு கோத்தர் கொல்லர் எத்தனை குடும்பத்துக்குத்தான் கொழு அடிப்பார்? இது போதாதென்று 1924-ஐ ஒட்டிப் பரவிய விட்டுவிட்டு வரும் காய்ச்சல் கோத்தர் ஊர்களில் நிறையப் பேரை வாரிக்கொண்டு போனது. பழைய பூசாரிகள் செத்துப்போனார்கள், சில ஊர்களில் புதிய தெய்வங்கள் வந்தன.

1930-களில் படித்த படுக இளைஞர்கள் சாவுக்குக் கோத்தர் இசை வேண்டாம் என்றார்கள். ஆங்கிலக் கல்வியும் மிஷன் பள்ளியும் சமவெளி இந்துப் பழக்கங்களும் கலந்த ஒரு புதிய கௌரவம் அது. ஊருக்கு ஊர் இதில் சண்டை நடந்தது. அதே சமயம் கோத்தர் தரப்பிலும் மாற்றம் கேட்டவர்கள் இருந்தார்கள்: தலைமுடியை வெட்டிக்கொண்ட, செத்த மாடு வேண்டாம் என்ற, பள்ளிக்கூட ஆசிரியரான கோத்தர்கள். தங்களைத் தாழ்த்திய ஒரு ஏற்பாட்டை அவர்கள் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது. எனக்கு வருத்தம் வேறிடத்தில்: பழைய பிணைப்பு போன இடத்தில் சமமான பிணைப்பு வந்திருக்கலாம். வந்தது கடையும் கடனும்.

குறும்பருக்கும் இருளருக்கும் என்ன நடந்தது?

1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே காட்டெரிப்பு வேளாண்மைக்குக் கெடுபிடி தொடங்கிவிட்டது. நேற்றுவரை தேன் எடுத்த பாறை, கிழங்கு தோண்டிய சரிவு, இடம் மாற்றி மாற்றி ராகி தூவிய காடு எல்லாம் 'ரிசர்வ்' ஆனது. சொந்தக் காட்டுக்குள் நுழைந்தால் குற்றம். சரிவுகளில் காப்பித் தோட்டம் வந்தபோது, அந்தக் காட்டில் வாழ்ந்தவர்களே அதில் தினக்கூலி ஆனார்கள். நிலத்துக்கு உரிமை கேட்கக்கூட இவர்களுக்காக வாதாட ஒரு கலெக்டர் இல்லை. தோடர்களைப் பற்றி அத்தனை புத்தகம் எழுதிய வெள்ளைக்காரர்கள் குறும்பர்களைப் பயத்தோடும் அருவருப்போடும் சில பக்கங்களில் முடித்துக்கொண்டார்கள்.

கூடலூர் பக்கம்?

அங்கே நிலம் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளின், அதாவது பரம்பரைப் பெருநிலக்காரர்களின், கையில் இருந்தது. பணியர்கள் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே கொத்தடிமைகள். 1880-ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூரில் தங்கச் சுரங்க வெறி வந்து சில ஆண்டுகளில் அடங்கியது; தோட்டங்கள் நிலைத்தன. ஜன்மம் ஒழிப்புச் சட்டம் 1969-ல்தான் வந்தது, அதன் வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன.

தோடர்கள் அழிந்துவிடுவார்கள் என்று ஒரு காலத்தில் ஏன் சொன்னார்கள்?

மேக நோய் என்ற பாலியல் நோய். ஊட்டியில் படைவீரர்களும் வியாபாரிகளும் குவிந்த பிறகு அது மந்துகளுக்குள் புகுந்தது. பிள்ளைப்பேறே நின்ற குடும்பங்கள் உண்டு. 1901 கணக்கெடுப்பில் சுமார் 800 பேர் இருந்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் 500-க்கும் கீழே போனார்கள். அப்போது மந்து மந்தாகப் போய் ஊசி போட்டவர்களில் எவாம் பில்ஜெயின் என்ற தோடர் பெண் செவிலியர் முக்கியமானவர். அந்தச் சிகிச்சையால்தான் எண்ணிக்கை திரும்ப ஏறியது. இன்று ஏறத்தாழ 2,000 பேர்.

அவர்கள் சடங்குகளில் அரசு தலையிட்டதா?

தலையிட்டது. சிசுக்கொலையைத் தடுத்தது; அது சரியான காரியம். சாவுக்குப் பலியிடும் எருமைகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்தது. ஒரு பெண்ணுக்குச் சகோதரர்கள் பலர் கணவராகும் வழக்கத்தை வெள்ளைக்காரப் பெண்மணிகள் நாட்குறிப்புகளில் விதம் விதமாக எழுதினார்கள். 1901-02-ல் ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் வந்து குடும்ப வழிகளையும் சடங்குகளையும் அவ்வளவு நுணுக்கமாகக் குறித்தார். அவருடைய புத்தகம் இன்று தோடர்களுக்கே பயன்படும் ஆவணம்தான். ஆனாலும் பூசாரி வெளியாளிடம் சொல்லக்கூடாததைச் சொன்ன பிறகு சில வீடுகளில் கேடு நடந்தது, அதற்கு இதுதான் காரணம் என்று தோடர்கள் நம்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். படிக்கும்போது அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரர் மேலேயே போட்டுவிடலாமா?

முடியாது. புல்வெளியில் மிகப் பெரிய அளவில் யூகலிப்டஸும் சீகையும் நடப்பட்டது 1947-க்குப் பிறகு: தோல் பதனிட, செயற்கை இழை ஆலைக்கு. அணைகளுக்காகப் பள்ளத்தாக்குகள் மூழ்கின. ஊட்டிக்கு அருகே ஃபிலிம் தொழிற்சாலை வந்ததும் மேய்ச்சல் நிலத்தில்தான். நம் அரசுகளும் புல்வெளியைத் 'தரிசு' என்றே பதிவேட்டில் பார்த்தன. அந்தச் சொல்லைக் கும்பெனியிடமிருந்து வாங்கி நாமே பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

நிறைய. கோத்தர் ஊர்களில் திருவிழாவுக்குக் கொள் இசை முழங்குகிறது. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டிகள் நிரம்புகின்றன. தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியின் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2006 வன உரிமைச் சட்டம் முதல் தடவையாகச் சமூக உரிமை என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது: ஒரு ஊரே சேர்ந்து காட்டின் மேல் உரிமை கோரலாம். 1843-ல் மறுத்த பேச்சைத் திரும்பத் தொடங்க அது ஒரு வாசல். அந்த வாசலில் மனுவோடு நிற்பவர்களை அலைக்கழிப்பதை அரசு நிறுத்த வேண்டும்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் என்ன செய்யலாம்?

தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் ஒரு மந்து இருக்கிறது. நிறையப் பேர் அதைப் பூங்காவின் ஒரு பகுதி என்றே நினைத்து உள்ளே போய்ப் படம் எடுக்கிறார்கள். அது வீடு. கூரை வளைந்திருக்கும் சிறிய கட்டடம் கோயிலாக இருக்கலாம். பெண்கள் மட்டுமில்லை, வெளியாட்கள் யாருமே கிட்டப் போகக்கூடாது. கேட்டுவிட்டுப் போங்கள், வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். பூத்துக்குளி வாங்கினால் தைத்தவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அங்கே நின்று கீழே பார்த்தால் பூங்கா, ஊர், தூரத்தில் ஏரி எல்லாம் தெரியும். எருமைகள் இறங்கி மேய்ந்த சரிவு அது.